எண்ணாத வரை தொற்று இல்லை

இரண்டு மருத்துவமனைகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் 20 படுக்கை ஐ.சி.யூ. முதலாவதின் நிர்வாகி, "போன வருஷம் முழுக்க எங்க ஐ.சி.யூ.வில் ஒரு இன்ஃபெக்‌ஷன்கூட கிடையாது" என்கிறார். இரண்டாவதில் ஒரு தாளை எடுத்து நீட்டுகிறார்கள். சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக் குழாய்க்குள் செருகும் குழாய்) போட்ட நோயாளிகளில் ஆயிரம் லைன் நாட்களுக்கு 4 பேருக்கு ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கிறது, அதற்கு முந்தைய காலாண்டில் 5 பேருக்கு ஏறியிருந்தது என்று அதில் எழுதியிருக்கிறது. அம்மாவை எங்கே சேர்ப்பீர்கள்?

நம்மில் பெரும்பாலோர் முதலாவதுக்குத்தான் ஓடுவோம். மருத்துவமனைத் தொற்றைத் தடுக்கும் வேலையில் இருப்பவர்களைக் கேட்டால் யோசிக்காமல் இரண்டாவதைக் காட்டுவார்கள். கழுத்தில் ஒரு குழாய், சிறுநீர்ப் பையில் ஒரு குழாய், மூச்சுக் குழலில் ஒரு குழாய் என்று கிடக்கும் 20 பேரை வருஷம் முழுக்க வைத்துப் பார்த்து, ஒருவருக்கும் தொற்று வராமல் காப்பது மிக மிகக் கடினம். ஒருவருக்கும் வரவில்லை என்று எழுதுவது மிக எளிது.

அந்தப் பூஜ்யம் எப்படி வருகிறது என்று பாருங்கள். ஐந்தாம் நாள் நோயாளிக்குக் குளிர் ஜுரம். ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பவில்லை, மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஏற்றிவிட்டார்கள். தொற்று கணக்கில் இல்லை. அல்லது மருந்து ஏற்றிய பிறகு ரத்தம் எடுத்தார்கள்; பாட்டிலில் எதுவும் வளரவில்லை. கணக்கில் இல்லை. அல்லது வளர்ந்தது, ஆனால் "வரும்போதே கொண்டுவந்த கிருமி" என்று ஃபைலில் எழுதினார்கள். அல்லது அவர் இறந்துவிட்டார். சான்றிதழில் பல உறுப்புச் செயலிழப்பு என்றிருக்கிறது. இவற்றில் எதிலும் யாரும் மனமறிந்து பொய் சொல்லவில்லை. ஆனாலும் வருஷக் கடைசியில் பூஜ்யம் வந்துவிடுகிறது.

இந்தியா ஒரு நாடாகவே வெகுகாலம் அந்த முதல் மருத்துவமனையாக இருந்தது. அது மாறத் தொடங்கிய கதையில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு முன், எண்ணுவது என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதைவிட அது சிக்கலான வேலை.

லைன் நாள், கதீட்டர் நாள்

நோயாளி உள்ளே வரும்போது இல்லாத, உள்ளுக்குள் பதுங்கியும் இராத தொற்று அவர் சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டினால், அது மருத்துவமனையில் பிடித்தது என்பது பொதுவான அளவுகோல். குழாய்களுக்குத் தனி விதி. சென்ட்ரல் லைன் போட்டு இரண்டு நாட்காட்டி நாட்கள் கடந்திருக்க வேண்டும், ரத்தத்தில் கிருமி வளர வேண்டும், அந்தக் கிருமி உடம்பின் வேறு இடத்திலிருந்து வந்ததாக இருக்கக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையில்தான் வாக்குவாதமே. 'நுரையீரலிலிருந்து போயிருக்கும்' என்பார் டாக்டர். 'லைனிலிருந்துதான்' என்பார் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ். டாக்டர் சொன்னதே நின்றால் அந்த மாதத்தின் எண்ணிக்கை ஒன்று குறையும்.

அந்த நர்ஸ் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் ஐ.சி.யூ.வுக்குப் போய் எத்தனை பேருக்கு லைன் இருக்கிறது, எத்தனை பேருக்குச் சிறுநீர்க் குழாய், எத்தனை பேருக்கு வெண்டிலேட்டர் என்று குறித்துக்கொள்ள வேண்டும். 10 பேருக்கு 30 நாள் லைன் இருந்தால் 300 லைன் நாட்கள். அதில் 3 தொற்று என்றால் ஆயிரத்துக்கு 10. இந்த அடியெண் இல்லாமல் "இந்த மாசம் மூணு கேஸ்" என்று சொல்வது, எத்தனை ஓவர் என்று சொல்லாமல் மூன்று விக்கெட் விழுந்தது என்று சொல்வதற்குச் சமம். தமிழ்நாட்டில் மட்டுமல்ல, நாடெங்கும் எத்தனையோ மருத்துவமனைகளில் தொற்றுப் பட்டியல் இருக்கும், லைன் நாள் பதிவேடு இருக்காது. பதிவேடு வைக்கும் நர்ஸ் லீவு போட்டால் அன்றைய கட்டம் காலியாகக் கிடக்கும். ஆள் பற்றாத வார்டில் முதலில் கைவிடப்படுவது இந்த எழுத்து வேலைதான். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அடுத்தது லேப். பெரியவர் ஒருவருக்குச் சரியாக ரத்த கல்ச்சர் எடுப்பது என்றால், ஆன்டிபயாட்டிக் போடுவதற்கு முன், தோலை நன்றாகச் சுத்தம் செய்து, இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி, பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி வரை எடுக்க வேண்டும். குறைவாக எடுத்தால் கிருமி அகப்படாது. தோலைச் சரியாகத் துடைக்காவிட்டால் தோலில் வாழும் அப்பாவிக் கிருமி பாட்டிலில் வளர்ந்து, இல்லாத தொற்றுக்கு விலையுயர்ந்த மருந்து ஏற வைக்கும். பாட்டிலை இயந்திரத்தில் வைத்தால் உள்ளே கிருமி பெருகும்போது வெளியாகும் கரியமில வாயுவை அது கண்டுபிடித்துக் குரல் கொடுக்கும். பிறகு தட்டில் வளர்த்து, இன்ன கிருமி என்று அடையாளம் கண்டு, எந்தெந்த மருந்துக்கு அடங்குகிறது, எதற்கு அடங்கவில்லை என்று பார்க்க, மொத்தம் இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த இரண்டு மூன்று நாளும் டாக்டர் ஊகத்தில்தான் மருந்து கொடுத்தாக வேண்டும்.

அந்த ஊகத்துக்குப் பிடிமானம் தருவதுதான் 'ஆன்டிபயோகிராம்' என்கிற வருடாந்தர அட்டவணை. நம் மருத்துவமனையில் போன வருஷம் கிடைத்த கிளெப்சியெல்லா கிருமிகளில் நூற்றுக்கு எத்தனை எந்த மருந்துக்கு அடங்கின என்று அது சொல்லும். அதற்கும் விதி உண்டு. ஒரு நோயாளியிடமிருந்து கிடைத்த முதல் கிருமியை மட்டுமே சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்று மாதம் கிடந்த ஒரே நோயாளி அட்டவணை முழுவதையும் இழுத்துக்கொண்டு போய்விடுவார். ஒரு கிருமிக்குக் குறைந்தது 30 மாதிரியாவது இருக்க வேண்டும். சின்ன நர்சிங் ஹோம்களில் வருஷத்துக்கு 30 வராது. அவர்கள் பக்கத்து ஊர்ப் பெரிய மருத்துவமனையின் அட்டவணையையோ மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியின் வாய்மொழியையோ நம்பித்தான் ஓட்டுகிறார்கள்.

இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. ஜுரம் வந்தவர் முதலில் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். கேட்காவிட்டால் தெருமுனை டாக்டரிடம் ஊசி. அதற்கும் அடங்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே எடுக்கும் கல்ச்சரில் பல சமயம் ஒன்றும் வளராது. தனியார் மருத்துவமனையில் அந்தப் பரிசோதனைக்குக் காசும் குடும்பத்தின் பையிலிருந்து போகிறது. "டெஸ்ட் எல்லாம் எதுக்கு டாக்டர், நல்ல மருந்தாப் போடுங்க" என்று கேட்பவரிடம், நல்ல மருந்து எது என்று தெரிந்துகொள்ளத்தான் டெஸ்ட் என்று விளக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

2010: சென்னையிலிருந்து 44

2008 ஜனவரியில் ஸ்வீடனில் ஒருவரின் சிறுநீரில் வினோதமான கிளெப்சியெல்லா ஒன்று கிடைத்தது. அவர் இந்திய வம்சாவளியினர். சற்று முன்தான் புது தில்லியில் மருத்துவமனையில் இருந்து திரும்பியிருந்தார். மெரோபெனம், இமிபெனம் போன்ற கார்பபெனம் வகை ஊசிகள் ஐ.சி.யூ.க்களின் கடைசி வரிசை ஆயுதங்கள். அவற்றை உடைத்துப்போடும் புதிய நொதி ஒன்று அந்தக் கிருமியிடம் இருந்தது. அதற்கான மரபணு, ஒரு கிருமியிலிருந்து வேறு இனக் கிருமிக்கும் தாவக்கூடிய பிளாஸ்மிட் என்கிற டி.என்.ஏ. வளையத்தில் உட்கார்ந்திருந்தது. முதலில் கண்ட இடத்தின் பெயரை இத்தகைய நொதிகளுக்கு வைப்பது அந்தத் துறையின் வழக்கம். இத்தாலியின் வெரோனாவுக்கும் பிரேசிலின் சாவ் பாலோவுக்கும் ஏற்கெனவே அந்த 'கௌரவம்' கிடைத்திருந்தது. இதற்கு என்.டி.எம்.-1 என்று பெயர் வைத்தார்கள். என்.டி. என்பது நியூ டெல்லி.

2010 மார்ச்சில், மும்பை இந்துஜா மருத்துவமனை ஆய்வாளர்கள் இந்திய மருத்துவ இதழ் ஒன்றிலேயே எழுதினார்கள்: மூன்று மாதத்தில் கிடைத்த, கார்பபெனத்துக்கு அடங்காத 24 கிருமிகளில் 22 இந்த நொதியைச் சுமந்திருந்தன. அதே இதழில், ஆன்டிபயாட்டிக்குகளுக்கு இரங்கல் குறிப்பு எழுதுவதுபோல ஒரு தலையங்கம் தீட்டினார் சென்னையின் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர். நாடாளுமன்றத்தில் ஒரு சத்தமும் இல்லை.

ஐந்து மாதம் கழித்து அதே செய்தி லண்டனிலிருந்து வந்தது. 2010 ஆகஸ்டில் 'லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீஸஸ்' இதழில் வெளியான கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாக ஆராய்ச்சியாளர். கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் திமோதி வால்ஷ் உள்ளிட்டவர்கள் உடன் எழுதியவர்கள். என்.டி.எம்.-1 கொண்ட கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 கிடைத்திருந்தன. பிரிட்டன் நோயாளிகளில் சிலர் சிகிச்சைக்காக இந்தியா, பாகிஸ்தான் வந்து போனவர்கள். மருத்துவச் சுற்றுலா வருகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்ற தொனியில் கட்டுரையில் சில வரிகள் இருந்தன.

அதன் பிறகு நடந்தது மருத்துவத்தைவிட அரசியலுக்கு நெருக்கமானது. இந்தியாவின் மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கப் பின்னிய சதி என்றார்கள். ஆய்வுக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று கேட்டார்கள். கட்டுரையின் சில வரிகளில் தமக்கு உடன்பாடில்லை என்று முதல் ஆசிரியரே வெளியே சொல்ல வேண்டிவந்தது. 2011 ஜனவரியில் தில்லி வந்த லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன், ஊர்ப் பெயரை வைத்தது தவறு என்று வருத்தம் தெரிவித்தார். அதே வருஷம் வால்ஷ் குழுவினர் புது தில்லியின் தெருவோரத் தேங்கல் நீரில் 171 மாதிரிகளும் குழாய்த் தண்ணீரில் 50 மாதிரிகளும் எடுத்துச் சோதித்து, தேங்கல் நீரில் 51-இலும் குழாய் நீரில் 2-இலும் அந்த மரபணுவைக் கண்டதாக எழுதியபோது கோபம் இன்னொரு சுற்று வந்தது.

அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். சுற்றுலா பற்றிய வரிகள் ஆய்வின் எண்கள் தாங்கக்கூடிய எடையைவிட அதிகம். ஒரு நகரத்தின் பெயர் கிருமியோடு ஒட்டிக்கொண்டால் அந்த ஊர்க்காரருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அத்தனை சத்தத்துக்கு நடுவே, 'சரி, நம் ஐ.சி.யூ.க்களில் உண்மையில் எவ்வளவுதான் இருக்கிறது?' என்ற கேள்வி எவ்வளவு மெல்லிய குரலில் ஒலித்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. 44 என்பது தவறு என்று மறுக்கவும் நம்மிடம் வேறு எண் இல்லை.

மறுப்புக்குப் பிறகு

ஆனாலும் அந்த அவமானம் வீண்போகவில்லை. 2011-இல் கிருமிகளின் மருந்து எதிர்ப்பைக் கட்டுப்படுத்தத் தேசியக் கொள்கை ஒன்று வந்தது. 2012 ஆகஸ்டில் தொற்றுநோய் மருத்துவர்களின் மாநாடு சென்னையில் நடந்தபோது, நாட்டின் பல்வேறு மருத்துவச் சங்கங்களை அப்துல் கஃபூர் ஒரே மேசைக்கு இழுத்துவந்தார். அதில் பிறந்தது 'சென்னைப் பிரகடனம்'. அதன் சாமர்த்தியமே அதன் அடக்கம்தான். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக்கே விற்கக்கூடாது என்று ஒரே நாளில் சட்டம் போட்டால் டாக்டரே இல்லாத கிராமம் என்ன செய்யும்? ஆகவே உயர்வகை மருந்துகளிலிருந்து தொடங்குவோம், நூறு சதவீதக் கொள்கையைவிட நடைமுறைக்கு வரும் கொள்கை மேல் என்றது. 2013-இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த 'ஷெட்யூல் எச்-1' அந்தப் பாதையில் வந்ததுதான். அந்தப் பட்டியலில் இடம்பெற்ற 46 மருந்துகளை விற்கும் கடைக்காரர் நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். எத்தனை கடைகள் எழுதுகின்றன என்பதை வாசகர்கள் தங்கள் தெருக் கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

எண்ணும் வேலை 2013-இல்தான் ஒழுங்காகத் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஒரு கண்காணிப்பு வலைப்பின்னலை உருவாக்கியது, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், தில்லி எய்ம்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ. ஆகியவை அதன் தலைமை மையங்கள். அதன் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் எண்கள் ஒரே திசையில் சரிவதைப் பார்க்கலாம். 2017-இல் ஈ.கோலி கிருமிகளில் நூற்றுக்கு 80-ஐ ஒட்டி இமிபெனத்துக்கு அடங்கின. 2023-இல் அது 63-ஐ ஒட்டி வந்துவிட்டது. கிளெப்சியெல்லாவின் நிலை இன்னும் மோசம்: 60-க்குச் சற்றுக் கீழே இருந்தது 36-ஐ ஒட்டி இறங்கிவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். இவை பெரிய மருத்துவமனைகளின் எண்கள். நாலு இடத்தில் மருந்து சாப்பிட்டு, எதற்கும் கேட்காமல், கடைசியாக அங்கே வந்து சேர்ந்தவர்களின் கிருமிகள். இதை எடுத்து 'இந்தியர்களில் பாதிப் பேருக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது' என்று தலைப்புப் போடும் பத்திரிகைகள் உண்டு, அது தப்பு. சரிகிற திசையை நம்பலாம். அளவை நாடு முழுதுக்கும் நீட்டக்கூடாது. 2019-இல் மருந்து எதிர்ப்பால் நேரடியாக இறந்த இந்தியர்கள் சுமார் 3 லட்சம் என்று உலக அளவிலான ஆய்வு மதிப்பிட்டதே, அதுகூட எண்ணி வந்த எண் அல்ல. கிடைத்த தரவுகளை வைத்துக் கணித மாதிரியில் போட்டு வந்தது. எண்ணிக்கை இல்லாத இடத்தை மதிப்பீடு நிரப்புகிறது.

மருந்து எதிர்ப்பை எண்ணுவது ஒரு பாதி. தொற்று மருத்துவமனையிலேயே பிடித்ததா என்று எண்ணுவது இன்னொரு பாதி. அதுதான் கசப்பானது, ஏனென்றால் அதில் மருத்துவமனையே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. எய்ம்ஸ் முன்னின்று, ஐ.சி.எம்.ஆர்., அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆகியவற்றின் துணையோடு ஒரு வலைப்பின்னல் உருவாயிற்று. 26 மருத்துவமனைகளின் 89 ஐ.சி.யூ.க்கள், ஒரே வரையறை, ஒரே படிவம். 2017 மே முதல் 2018 அக்டோபர் வரை 2,622 ரத்தத் தொற்றுகள் பதிவாயின. 2022-இல் வெளியான அந்த முடிவுகளில் நெஞ்சை அடைப்பது பச்சிளங்குழந்தைகளின் ஐ.சி.யூ.: ஆயிரம் லைன் நாளுக்கு 20-க்கும் மேல் ரத்தத் தொற்று. ரத்தத்தில் அதிகம் வளர்ந்தது கிளெப்சியெல்லா. அவற்றில் நூற்றுக்கு 72 கார்பபெனத்துக்கு அடங்காதவை. அசினெட்டோபாக்டர் என்ற இன்னொரு கிருமியில் 77.

பச்சிளங்குழந்தைகள் விஷயத்தில் தில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2016-லேயே அபாய மணி அடித்துவிட்டது. தீவிரக் கண்காணிப்பில் சேர்க்கப்பட்ட 13,530 சிசுக்களில் 14.3 சதவீதத்துக்கு செப்சிஸ் என்கிற தீவிரத் தொற்று. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு பிறந்து மூன்று நாளுக்குள் வந்தவை. பாடப்புத்தகப்படி அவ்வளவு சீக்கிரம் வருவது தாயிடமிருந்து வந்ததாக இருக்க வேண்டும். ஆனால் அதிகம் கிடைத்த கிருமியோ ஐ.சி.யூ.க்களில் குடியிருக்கும் அசினெட்டோபாக்டர். அதில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கு அடங்காதது. பிரசவ அறையிலோ அதை அடுத்த சில மணி நேரத்திலோ குழந்தைக்கு அந்தக் கிருமி கிடைத்துவிடுகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் சொல்வது கடினம். நம் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் வேறு நாட்டுப் பிரசவ அறைகளைப் பார்த்து எழுதப்பட்டவை என்பதை எண்ணிப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

எண்ணினால் குறையுமா?

குறையும் என்பதற்கு அரை நூற்றாண்டுச் சான்று இருக்கிறது. 1970-களில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடத்திய மாபெரும் ஆய்வின் முடிவுகள் 1985-இல் வந்தன. முறையான கண்காணிப்பும், 250 படுக்கைக்கு ஒரு தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸும், பயிற்சி பெற்ற மருத்துவரும் இருந்த இடங்களில் தொற்றில் மூன்றில் ஒரு பங்கைத் தடுக்க முடிந்தது. இல்லாத இடங்களில் அதே காலத்தில் 18 சதவீதம் ஏறியது. எனக்குப் பிடித்தது இதிலுள்ள ஒரு சின்ன அம்சம்: ஆப்பரேஷன் புண்ணில் வரும் தொற்றைக் குறைக்க, அறுவை செய்த டாக்டருக்கே அவருடைய எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. திட்ட வேண்டியதில்லை, சொன்னால் போதும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பீட்டர் புரொனோவோஸ்ட் குழு செய்தது பலரும் அறிந்தது. கை கழுவு, முழு விரிப்பு போர்த்து, குளோர்ஹெக்ஸிடினால் தோலைத் துடை, தொடையில் லைன் போடுவதைத் தவிர், தேவையில்லாத லைனை எடுத்துவிடு. இந்த ஐந்துதான். 103 ஐ.சி.யூ.க்களில் ஆயிரம் லைன் நாளுக்குச் சராசரி 7.7 ஆக இருந்த ரத்தத் தொற்று, ஒன்றரை வருஷத்தில் 1.4 ஆயிற்று. ஐந்து வரிப் பட்டியலைத்தான் உலகம் நகலெடுத்தது. மாதாமாதம் ஒவ்வொரு ஐ.சி.யூ.வுக்கும் அதன் எண்ணைக் கையில் கொடுத்ததையும், டாக்டர் ஒரு படியைத் தாண்டினால் நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை நர்ஸுக்குக் கொடுத்ததையும் நகலெடுத்தவர்கள் குறைவு. நம் ஊரில் பெரிய டாக்டரைப் பார்த்து "சார், நிறுத்துங்க" என்று சொல்லும் ஸ்டாஃப் நர்ஸை நினைத்துப் பாருங்கள். ஏன் குறைவு என்று விளங்கும்.

அப்படியானால் எண்ணைப் பகிரங்கமாக்கி, மோசமான மருத்துவமனையைத் தண்டித்தால்? இங்கேதான் விஷயம் இரண்டு பக்கமும் இழுக்கிறது. இங்கிலாந்து 2001-இல் எம்.ஆர்.எஸ்.ஏ. என்கிற கிருமியின் ரத்தத் தொற்றைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வைத்து, மருத்துவமனை வாரியாக வெளியிட்டது. 2004-இல், 2008-க்குள் பாதியாக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2003-04-இல் சுமார் 7,700 ஆக இருந்தது 2008-09-இல் 3,000-க்குக் கீழே போனது. அமெரிக்கா வேறு வழியில் போய், 2008 முதல் இத்தகைய தொற்றுகளுக்கான கூடுதல் செலவைக் காப்பீட்டில் தரமாட்டோம் என்றது. 398 மருத்துவமனைகளைப் பார்த்த 2012-ஆம் ஆண்டு ஆய்வில் அதனால் ஒரு பலனும் தெரியவில்லை.

என் கணிப்பில், இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம் எதை எண்ணுகிறோம் என்பதில் இருக்கிறது. எம்.ஆர்.எஸ்.ஏ. ரத்தத்தில் வளர்ந்தால் வளர்ந்ததுதான். லேப் முடிவை யாரும் மாற்ற முடியாது. 'லைனால் வந்த தொற்று' என்பது ஒருவர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது. தீர்ப்பில் காசு போகும் என்றால் தீர்ப்பு வளையும். கல்ச்சர் எடுப்பதே குறையும். எய்ம்ஸ் வலைப்பின்னல் எந்த மருத்துவமனைக்கு எந்த எண் என்று பெயர் சொல்லி வெளியிடவில்லை. எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னது. வாசகனாக எனக்கு அது எரிச்சல்தான். ஆனால் பெயர் வரும் என்றால் 26 மருத்துவமனைகள் அல்ல, 6 சேர்ந்திருந்தாலே ஆச்சரியம்.

எண்ணுவது எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஒரு சம்பவம். 2011 ஜூனில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவன மருத்துவமனைக்கு நியூயார்க்கிலிருந்து ஒரு பெண் நோயாளி வந்தார். கார்பபெனத்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா அவரிடம் இருப்பது முன்பே தெரியும். தனியறையில் வைத்தார்கள், ஜூலையில் நலமாக வீடு திரும்பினார். மூன்று வாரம் கழித்து, அவரோடு ஒரே வார்டில் இருந்திராத வேறொருவரிடம் அதே வகைக் கிருமி. பிறகு வாரத்துக்கு ஒருவர். முதல் நோயாளியையும் சேர்த்து மொத்தம் 18 பேர் பாதிக்கப்பட்டு, 11 பேர் இறந்தார்கள்; 6 இறப்புகளுக்கு இந்தக் கிருமியே காரணம் என்று முடிவாயிற்று. ஒவ்வொரு கிருமியின் மரபணுத் தொகுதியையும் முழுக்கப் படித்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டபோது, எல்லாமே அந்த முதல் நோயாளியிடமிருந்து கிளைத்தவை என்று தெரிந்தது. நோய் தெரியவந்த வரிசையும் கிருமி பரவிய வரிசையும் ஒன்றல்ல. நடுவில் சிலர் அறிகுறி இல்லாமல் சுமந்துகொண்டிருந்தார்கள். சுத்தம் செய்யப்பட்ட வெண்டிலேட்டர் ஒன்றிலும் கைகழுவும் தொட்டியின் வடிகாலிலும் கிருமி இருந்தது. உலகின் மிகவும் வசதியான ஆராய்ச்சி மருத்துவமனைகளில் ஒன்று இது. அவர்கள் அதை மறைக்காமல், ஆய்வுக் கட்டுரையாகவே எழுதி வெளியிட்டார்கள்.

மருந்து வரும் என்ற நம்பிக்கை

இத்தனை கஷ்டம் எதற்கு, புது மருந்து கண்டுபிடித்துவிட்டால் ஆயிற்றே என்று கேட்கத் தோன்றும். சென்னையிலிருந்தே ஒரு நல்ல செய்தி உண்டு: இங்கே ஆர்கிட் நிறுவனத்தில் கண்டறியப்பட்ட என்மெட்டாசோபாக்டம் என்கிற மூலக்கூறு, செஃபெபிம் மருந்தோடு சேர்ந்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் என்.டி.எம். நொதியை அதனால் தடுக்க முடியாது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பல பத்தாண்டுகளுக்கு முன் ஓரங்கட்டிய கொலிஸ்டின் என்ற பழைய ஆன்டிபயாட்டிக்கை வேறு வழியின்றித் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறோம். அதையே கோழித் தீவனத்திலும் கலந்துகொண்டிருந்த நாடு இது, 2019 ஜூலையில்தான் தடை வந்தது.

2016 செப்டம்பரில் அமெரிக்காவின் நெவாடாவில் 70 வயதைக் கடந்த ஒரு பெண்மணி இறந்தார். இந்தியாவில் தொடை எலும்பு முறிந்து, பின்னர் அந்த எலும்பிலும் இடுப்பிலும் தொற்று ஏற்பட்டுப் பலமுறை மருத்துவமனையில் இருந்தவர். அவரிடம் கிடைத்த கிளெப்சியெல்லாவை 26 ஆன்டிபயாட்டிக்குகளில் சோதித்தார்கள். கொலிஸ்டின் உட்பட ஒன்றுக்கும் அடங்கவில்லை. அதில் என்.டி.எம். இருந்தது. இதை நாம் அறிவது அங்கே சோதித்ததால்; இங்கே அப்படி இறந்தவர்களின் கணக்கு யாரிடமும் இல்லை.

கேரளம் 2018-இல் மாநில அளவில் மருந்து எதிர்ப்புச் செயல்திட்டம் போட்டு, பின்னர் மாநிலத்துக்கே ஓர் ஆன்டிபயோகிராமையும் வெளியிட்டது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரிகளின் எண்ணிக்கைக்கும் அவற்றின் நுண்ணுயிரியல் துறைகளின் பலத்துக்கும் இங்கே அதைவிட விரிவாகவே செய்ய முடியும். செய்ய வேண்டியது புது இயந்திரம் வாங்குவது மட்டுமல்ல. தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸை ஆள் பற்றாக்குறை நாளில் வார்டு டூட்டிக்கு இழுக்காமல் இருப்பது, கல்ச்சர் பாட்டில் தீர்ந்துபோகாமல் பார்ப்பது, எண் ஏறிய மாதத்தில் அந்த ஐ.சி.யூ.வுக்கு மெமோ அனுப்பாமல் ஆள் அனுப்புவது. எண்ணத் தொடங்கிய முதல் வருஷம் எண் கட்டாயம் ஏறும். அந்த ஒரு வருஷத்தைத் தாங்கும் தைரியம் டீனுக்கும் துறைச் செயலாளருக்கும் அமைச்சருக்கும் வேண்டும்.

படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கும் குடும்பத்துக்கு அதுவரை காத்திருக்க நேரமில்லை. ஐ.சி.யூ.வில் எல்லோரையும் விரோதித்துக்கொள்ளாமல் தினமும் கேட்கக்கூடிய கேள்விகள் இரண்டு. ஆன்டிபயாட்டிக் மாற்றும்போது, "கல்ச்சர் எடுத்தாச்சா சிஸ்டர், ரிசல்ட் என்ன வந்துச்சு?" காலையில் ரவுண்ட்ஸ் வரும்போது, "டாக்டர், இந்த டியூப் இன்னும் தேவைப்படுதா?" இரண்டாவது கேள்வி மிச்சிகன் பட்டியலின் ஐந்தாவது வரிதான். அதைக் கேட்க மைக்ரோபயாலஜி தெரிய வேண்டியதில்லை. பல நாள், தேவையில்லை என்பதுதான் பதிலாக இருக்கும், எடுக்க மறந்திருப்பார்கள்.